நாவில் கண்ட வெண்திட்டு

திருப்பலியில் நற்கருணை வழங்கும் குருவானவர் தம் பங்கு மக்களின் முகங்களை மட்டும் காண்பதில்லை. அவர்தம் நாவுகளையும் காண்கின்றார். கையில் பெற்றுக்கொள்வோர் இன்று பெருகிவிட்டனர். ஆயினும் நமது பங்கின் முதியோர் பலர் இன்றும் கண்களை மூடி, சிறு குழந்தையைப் போல் நாவை நீட்டியே ஆண்டவரைப் பெறுகின்றனர். வெற்றிலைக் காவியேறிய நாவுகள், காய்ச்சலில் வறண்ட நாவுகள், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரும் அருந்தாமல் வந்த நாவுகள் என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம்.

அவற்றுள் ஒரு நாவைப் பற்றியே இம்மாதம் எழுத வேண்டியுள்ளது. உரியவரிடமும் அவர்தம் இல்லத்தாரிடமும் இசைவு பெற்றே எழுதுகின்றோம்.

அவர் எழுபது வயதை நெருங்கும் பெரியவர். பொதுப்பணித் துறையில் லஸ்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் யார் என்று காவிரிக் கரையில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை வந்தடைந்து, காவிரி என்றும் வெண்ணாறு என்றும் கல்லணைக் கால்வாய் என்றும் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கிளைத்து, கடைமடை வயலைச் சேரும் வரை, எந்த மதகை எப்போது எத்தனை அங்குலம் உயர்த்துவது, எப்போது இறக்குவது என்பதைக் காப்பவர் அவரே. வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கையில் விளக்குடன் கரையில் நடப்பவரும் அவரே. அவ்விரவுகளில் உறக்கம் வாராதிருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலையும் சேர்த்து மெல்லத் தொடங்கினார். பணி ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை.

2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவருடைய நாவின் இடது ஓரத்தில் அரிசியளவு ஒரு வெண்திட்டைக் கண்டோம். சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்னும் அது இருந்தது. தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று அதன் நடுவில் சிவந்த புண் ஒன்றும் இருந்தது. அப்போதும் நாம் வாய் திறக்கவில்லை. நற்கருணை வேளையில் கண்டதை வெளியே பேசுவது முறையன்று என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். பெரியவர் கூச்சப்படுவார் என்பது மற்றொன்று. நாம் மருத்துவரல்லோம் என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல காரணங்களாகவே அப்போது தோன்றின.

செப்டம்பர் இறுதியில் அவருடைய மனைவி அறைவீட்டுக்கு வந்து, “நாக்கிலே புண்ணு, வலி காது வரைக்கும் இழுக்குது சாமி, கஞ்சிகூட இறங்கல” என்று கூறிக் கண்ணீர் விட்டார்கள். தஞ்சைக்கு அனுப்பினோம். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தனர். நாவில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அறுவைச் சிகிச்சை என்று நாளும் குறித்தனர்.

அந்நிலையில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் ஒரு நாள் இரவு நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “சாமி, அப்பாவுக்கு நாக்கை அறுக்க வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சின்ன ஆர்.என்.ஏ. என்று ஒன்றைக் கண்டுபிடித்ததற்கு இந்த வாரம் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். புற்றுநோயை அடக்கும் ஊசி அதிலிருந்து வருகிறதாம். இருக்கிற ஐந்து மா நிலத்தை விற்றாவது வாங்கிவிடலாம். அதுவரை தள்ளிப் போடச் சொல்லுங்கள்” என்றார்.

ஒரு நாள் அவகாசம் கேட்டோம். நமது பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரை அழைத்து, அன்று இரவு நெடுநேரம் பேசினோம், கிடைத்தவற்றைப் படித்தோம். இதே கேள்வி நாளை எந்த இல்லத்திலும் எழலாம். எனவே நாம் அறிந்துகொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

உடலுக்குள் ஒரு மதகு

நமது உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. உடல் முழுவதையும் கட்டி எழுப்பும் கட்டளைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. புரதங்களை ஆக்கும் கட்டளைகள் மட்டும் ஏறக்குறைய 20,000. அவற்றையே மரபணுக்கள் என்கின்றோம். ஒரு புரதம் தேவைப்படும்போது, அதற்குரிய பகுதி மட்டும் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எடுக்கப்பட்டுப் புரதம் ஆக்கும் இடத்துக்குச் செல்கின்றது. நகலில் உள்ளபடியே புரதம் உருவாகின்றது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கண்ணிலுள்ள உயிரணுவிலும் நாவிலுள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஆயினும் கண் நாவாவதில்லை; நா கண்ணாவதில்லை. எந்தக் கட்டளை எங்கே செல்ல வேண்டும், எங்கே நிறுத்தப்பட வேண்டும் என்ற ஒழுங்கே அதற்குக் காரணம். ஆறு ஒன்றுதான். ஆனால் எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை மதகுகள் முடிவு செய்கின்றன அல்லவா?

அந்த ஒழுங்கைக் காக்கும் மதகுகளுள் ஒன்றே நுண் ஆர்.என்.ஏ. அறிவியலார் இதனை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பர். செய்தி ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்டதாக இருக்க, இதுவோ ஏறக்குறைய 22 எழுத்துகளே கொண்ட சிறு துணுக்கு. இதிலிருந்து எந்தப் புரதமும் உண்டாவதில்லை. தன் எழுத்துகளுக்கு இசைந்த எழுத்துகளை உடைய செய்தி ஆர்.என்.ஏ.வைத் தேடிச் சென்று, அதனோடு ஒட்டிக்கொண்டு, புரதம் ஆகாதபடி தடுத்துவிடுகின்றது. சில வேளை அந்த நகலையே அழியச் செய்கின்றது. மதகில் பலகை இறங்கியது போல் அந்த வாய்க்கால் அடைபடுகின்றது. பேச்சை அடக்கி மௌனமாக்குவதே இதன் தொழில் என்றும் சொல்லலாம்.

1993ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்களாகிய விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்கன் இருவரும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவை ஆராய்ந்து இதனைக் கண்டனர். அப்போது அறிவியல் உலகம் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. அந்தப் புழுவுக்கே உரிய ஒரு விந்தை என்று கருதி விட்டுவிட்டது. 2000ஆம் ஆண்டில் ருவ்கன் குழுவினர் கண்ட இரண்டாவது நுண் ஆர்.என்.ஏ., மனிதன் உட்படப் பல உயிர்களில் இருப்பது தெரிந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. முதற் கண்டுபிடிப்புக்கு 31 ஆண்டுகள் சென்றபின், 2024ஆம் ஆண்டு அவ்விருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1866இல் தம் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளைப் பற்றி எழுதிய அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டலையும் 1900 வரை உலகம் மறந்தே இருந்தது. சிறியவற்றை மதிக்க மனிதனுக்கு எப்போதும் காலம் பிடிக்கின்றது. கடுகு விதையைக் காட்டி ஆண்டவர் போதித்ததை ஆண்டுதோறும் வாசிக்கும் நாமும் இதற்கு விலக்கல்லோம்.

நமது வயல்களில் நிற்கும் நெற்பயிரிலும் இந்த மதகு உண்டு. நெல்லின் தூர் எண்ணிக்கையையும் கதிரின் மணிகளையும் ஆளும் ஒரு மரபணுவை 156 என்ற எண்ணுடைய நுண் ஆர்.என்.ஏ. அடக்கி வைக்கின்றது என்பதைச் சீனத்திலும் ஜப்பானிலும் ஆய்ந்தோர் 2010இல் வெளியிட்டனர். அது ஒட்டும் இடத்தில் ஓரெழுத்து மாறிய நெல்லில் பலகை இறங்குவதில்லை. அப்பயிர் வெற்றுத் தூர்களைக் குறைத்து, தடித்த தண்டும் மணிகள் மிகுந்த கதிரும் கொண்டு வளர்கின்றது. ஓரெழுத்து மாறியதால் ஒரு பயிரின் உருவமே மாறுகின்றது!

மதகு பழுதானால்

அந்தச் சிறு மதகு பழுதாகும்போது என்ன நேரும்? இரண்டு வகையில் கேடு வரலாம்.

மூட வேண்டிய பலகை இல்லாமற் போவது முதல் வகை. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் கார்லோ குரோச்சே என்பவரின் குழு 2002இல் இதனைக் காட்டியது. முதியோருக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், 15, 16 என்ற எண்களையுடைய இரண்டு நுண் ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலான நோயாளரிடம் அழிந்தோ குறைந்தோ போயிருந்தன. சாக வேண்டிய உயிரணுக்களைச் சாகவிடாமல் காக்கும் புரதம் அதனால் கட்டுக்கடங்காமல் பெருகியது. நுண் ஆர்.என்.ஏ.வுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு முதலில் காட்டிய ஆய்வு இதுவே.

திறந்திருக்க வேண்டிய மதகில் பலகை விழுவது இரண்டாவது வகை. இதற்குரிய சான்று நமது தமிழ்நாட்டிலேயே உண்டு. அதுவும் நாவின் புற்றுநோயைப் பற்றியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தேவராஜன் கருணாகரன் தலைமையில், அடையாறு புற்றுநோய் நிலையம், சென்னை ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது.

அவர்கள் கண்டது இது. நாவுப் புற்றுநோயில் 155 என்ற எண்ணுடைய நுண் ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. அது பி.டி.சி.டி.-4 என்னும் ஒரு புரதத்தை அடக்கிவிடுகின்றது. அந்தப் புரதமோ காவற்காரன் போன்றது. கெட்டுப்போன உயிரணு பெருகாமல் தடுப்பதும், மடிய வேண்டியதை மடியச் செய்வதும் அதன் பொறுப்பு. காவற்காரனின் வாய் அடைக்கப்பட்டதும், அவன் அடக்கி வைத்திருந்த மற்றொரு புரதம் கட்டவிழ்ந்து எழுந்து, 155ஐ மேலும் பெருகச் செய்கின்றது. பெருகிய 155 காவற்காரனை மேலும் அடக்குகின்றது. ஆற்றுக் கரையில் உடைப்பு இப்படித்தானே வளர்கின்றது? நீர் கரையை அரிக்கும். அரித்த வழியில் இன்னும் மிகுதியான நீர் பாயும். பாய்ந்த நீர் மேலும் அரிக்கும்.

ஆய்வாளர்கள் அந்த 155இன் வேலையைத் தடுத்துப் பார்த்தனர். ஆய்வுக் கூடத்தில் புற்றணுக்கள் மடிந்தன. ஆய்வு விலங்குகளில் கட்டி சிறுத்தது. நாவுப் புற்றுநோய்க்கு எதிர்காலத்தில் ஒரு மருந்து இவ்வழியாக வரக்கூடும் என்ற நம்பிக்கைக்கு இடம் பிறந்தது.

இதில் பங்குகொண்ட அடையாறு நிலையம் நமக்கு அயலன்று. நம்மை அடுத்த புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுப்பிய இல்லம் அது. 1954இல் தொடங்கிய அந்நிலையத்தில் மறு ஆண்டு சேர்ந்து, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதற்கே தம்மைக் கையளித்தவர் டாக்டர் சாந்தா.

ஊசி வந்துவிட்டதா?

இவ்வளவும் அறிந்தபின், அந்த மகனுடைய கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். ஊசி வந்துவிட்டதா?

வரவில்லை. நுண் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் பொதுச் சிகிச்சைக்கு இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. நிலத்தை விற்றாலும் வாங்க முடியாது. வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் கூறினால் அவரை நம்பலாகாது.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்கலாம். இச்சிறு துணுக்குகளை அப்படியே இரத்தத்தில் செலுத்தினால் விரைவில் சிதைந்துவிடும். கொழுப்புறையில் பொதிந்து செலுத்தினால் பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்ச் சேரும். வேறிடத்துக் கட்டிக்கு அனுப்புவது எளிதன்று. மேலும் ஒரு நுண் ஆர்.என்.ஏ. ஒரு மதகை மட்டும் காப்பதில்லை. நூற்றுக்கணக்கான மதகுகளில் அதற்குக் கை உண்டு. ஒன்றைத் திருத்தப் போய் வேறு பல மாறிவிடலாம்.

இதன் உடன்பிறப்பு போன்ற வேறொரு வகைச் சிறு ஆர்.என்.ஏ.வும் உண்டு. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி மரபணுவை மௌனமாக்கும் வழியை 1998இல் வெளியிட்ட ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவரும் 2006இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியில் பிறந்த முதல் மருந்தாகிய பாட்டிசிரான் 2018இல் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அது பரம்பரையாக வரும் ஓர் அரிய நரம்பு நோய்க்கு உரியது; அந்நோய்க்குக் காரணமான புரதம் கல்லீரலில் உண்டாவதால் மருந்து அங்கே எளிதிற் சென்று வேலை செய்கின்றது. புற்றுநோய்க்கு அவ்வாறு வாய்க்கவில்லை.

முயலாமல் இருந்தார்களோ என்றால், அதுவுமன்று. 34 என்ற எண்ணுடைய நுண் ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகச் செய்து, கல்லீரல் புற்றுநோய் முதலியவற்றால் துன்புற்றோருக்குச் செலுத்திப் பார்க்கும் சோதனை 2013இல் தொடங்கியது. சிலரிடம் கட்டி சிறுத்ததும் உண்மை. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றலே உடலுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, கடும் விளைவுகளால் நால்வர் இறந்தமையால், 2016 செப்டம்பரில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. நாளை வரப்போகும் நோயாளருக்காகத் தம் உடலைச் சோதனைக்குத் தந்த அந்நால்வரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இதனை வாசிப்போர் ஒரு கணம் மன்றாடுவது நன்று.

ஆய்வுகள் தொடர்கின்றன. மருந்தாவதற்கு முன்னரே நோயை அறிவிக்கும் அடையாளமாக நுண் ஆர்.என்.ஏ. பயன்படலாம். 2009இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகர ஆய்வாளர்கள், வாய்ப் புற்றுநோயுடையோரின் எச்சிலில் இரண்டு நுண் ஆர்.என்.ஏ.க்கள் குறைந்திருப்பதைக் கண்டனர். மூளைப் புற்றுநோய் ஒன்றின் போக்கை முன்னறியப் பத்து நுண் ஆர்.என்.ஏ.க்களின் தொகுதி உதவும் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2011இல் காட்டினர். வாய் பேசாதவனின் நாவை ஆண்டவர் தம் உமிழ்நீரால் தொட்ட நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம், இழிவென்று நாம் துப்பும் எச்சிலையும் இறைவன் கருவியாகக் கொள்வதை எண்ணுகின்றோம்.

மறுநாள் அந்த மகனுக்கு நாம் சொன்னது இதுதான்: “தம்பி, நீர் கேள்விப்பட்டது பொய்யன்று. ஆனால் அது இன்னும் நாற்றங்காலில் நிற்கின்றது. நாற்றங்காலை நம்பி இன்று இரவு உலை வைக்க முடியாது. மருத்துவர் குறித்த நாளில் அறுவை நடக்கட்டும். நிலம் இருக்கட்டும்.”

பெரியவரின் மனைவி முதலில் வேளாங்கண்ணிக்குச் சென்று நேர்ச்சை செலுத்திவிட்டு, பின்னர் சிகிச்சைக்குச் செல்லலாம் என்றார்கள். “மாதா காத்திருப்பார்கள் அம்மா, புண் காத்திருக்காது” என்றோம். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் போதிக்கின்றது. அறுவைக் கத்தியைத் தள்ளி வைப்பது விசுவாசமாகாது.

நாம் காத்த மௌனம்

அறுவை குறித்த நாளில் நடந்தது. நாவின் ஒரு பகுதியையும் கழுத்து நெறிகளையும் அகற்றினர். பின்னர் ஆறு வாரம் கதிர்வீச்சு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது. ஐந்து மா நிலமும் இருக்கின்றது. பெரியவரும் இருக்கின்றார். ஆனால் பேச்சு முன்போல் இல்லை. ழகரமும் லகரமும் வருவதில்லை. மதகடியிலிருந்து கூப்பிட்டால் மறுகரைக்குக் கேட்கும் குரல், இப்போது அருகில் அமர்ந்தாலும் தெளிவாக இல்லை. அவர் சொல்வதை மனைவி எடுத்துச் சொல்ல வேண்டியுள்ளது. தவக்காலத்தில் அரிசியளவாக இருந்தபோதே சென்றிருந்தால் அகற்ற வேண்டியிருந்தது எவ்வளவோ சிறியது என்று மருத்துவர் கூறினார்.

2025 உயிர்ப்புப் பெருவிழா வாரத்தில் அவர் இல்லத்துக்குச் சென்றோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பிறர் கூறக் கேட்டே பழகிய நாம், அன்று அவர் முன் அமர்ந்து, “பெரியவரே, ஏழு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள்” என்றோம்.

அவர் சற்று நேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர் அவர் குழறிச் சொன்னதை மனைவி எடுத்துச் சொன்னார்கள்: “கரையிலே நண்டு வளையைப் பார்த்தா அன்னைக்கு ராத்திரியே அடைச்சிடணும் சாமி. விடிஞ்சு பார்த்துக்கலாம்னு படுத்தா, விடியறப்போ கரை இருக்காது. நீங்களும் பார்த்தீங்க, நானும் கண்ணாடியிலே பார்த்தேன். ரெண்டு பேருமே படுத்துட்டோம்.”

குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாளில், ‘கான்செர்’ என்றால் நண்டு என்று மனப்பாடம் செய்தோம். நண்டின் கால்களைப் போலப் பக்கமெல்லாம் பரவுவதால் பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர் என்று ஆசிரியர் விளக்கினார். அதற்காக மதிப்பெண்ணும் பெற்றோம். அதன் பொருளை ஓய்வு பெற்ற ஒரு லஸ்கரிடம் கேட்டு அறியும் வரை நாம் உணரவில்லை.

நுண் ஆர்.என்.ஏ. மௌனமாக்கும் தொழிலைச் செய்கின்றது என்றோம். உரிய இடத்து மௌனம் உடலைக் காக்கின்றது. காவற்காரனை ஊமையாக்கும் மௌனம் உடலைக் கொல்கின்றது. மேய்ப்பனுக்கும் இது பொருந்தும். ஒரு குருவானவர் காக்க வேண்டிய மௌனம் உண்டு. பாவசங்கீர்த்தன இரகசியத்தை உயிர் போனாலும் காக்க வேண்டும். ஆனால் நாம் காத்தது அந்த மௌனமன்று. கூச்சத்துக்கு மரியாதை என்று பெயரிட்டு நாம் அடைத்துக்கொண்ட வாய் அது. நாவு சிறு உறுப்பாயினும் பெருங்காரியம் செய்யும் என்று யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கின்றார். தீயதைப் பேசும் நாவைப் பற்றியே அவர் எழுதினார். பேச வேண்டியதைப் பேசாத நாவைப் பற்றி நாம் இன்று எழுதுகின்றோம்.

இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

எனவே அன்புக் குடும்பங்களே, மருந்து வரும் நாளுக்காக மன்றாடுவோம். அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம்.

மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். நாவை இருபுறமும் திருப்பி ஓரங்களையும் அடிப்புறத்தையும் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். கண் மங்கிய முதியோருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், வெண்மையான அல்லது சிவந்த திட்டு, கையில் தட்டுப்படும் தடிப்பு, வாயை முழுதும் திறக்க இயலாமை, காரணமின்றி ஆடும் பல், காதுக்கு இழுக்கும் வலி, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டுங்கள். எல்லாத் திட்டும் புற்றுநோயன்று. எது ஆகும், எது ஆகாது என்று கூற வேண்டியவர் மருத்துவர்.

புகையிலையை விடுங்கள். “நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்” என்று ஆறுதல் கொள்வோர் நம்மிடையே மிகுதி. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூடப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துவிட்டது. கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் நம் மக்கள் இதனால் மனம் வருந்த வேண்டா. அந்தத் தீர்ப்பின் கனம் பாக்கின் மேலும் புகையிலையின் மேலும் விழுகின்றதேயன்றித் தனி இலையின் மேலன்று.

சாவு வீட்டில் வெற்றிலைத் தட்டோடு புகையிலையும் வைக்கும் வழக்கம் நமது ஊர்களில் உண்டு. ஒருவர் இறந்த துக்கத்தில், மற்றவர் இறப்புக்கு வித்திடும் பொருளை மரியாதையாக நீட்டுவது ஏன்? நமது பங்கில் இவ்வழக்கத்தை நிறுத்துமாறு அன்பியத் தலைவர்களைக் கேட்டுள்ளோம். வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆண்டில் இரு முறையேனும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பல் மருத்துவர்களை வரவழைத்து, வாய்ச் சோதனை நடத்த முன்வந்துள்ளனர். ஏனைய பங்குகளும் இதனை எண்ணிப் பார்க்கலாம். செலவு சிறிதே.

இறுதியாக, ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். மனைவி கணவனுக்கும், மருமகள் மாமனாருக்கும், அண்டை வீட்டார் அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்களே என்று அஞ்ச வேண்டா. கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

பெரியவர் இப்போது மீண்டும் ஞாயிறு திருப்பலிக்கு வருகின்றார். நாவை நீட்ட இயலாமையால் கைகளை ஏந்தி நற்கருணை பெறுகின்றார். அவர் பின்னால் வருவோரின் நாவுகளில் ஏதேனும் கண்டால், திருப்பலி முடிந்து கோவில் வாசலில் அவரைத் தனியே அழைத்து, அன்றே சொல்லிவிடுகின்றோம். இதுவரை மூவரிடம் சொன்னோம். இருவருக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். மூன்றாமவரின் திட்டைத் தொடக்கத்திலேயே அகற்றிவிட்டனர். அவர் இவ்வாண்டு சம்பா நடவுக்குத் தம் வயலில் தாமே நின்று குரல் கொடுத்து ஆட்களை ஏவிக்கொண்டிருந்ததைச் சாலையில் போகும்போது கேட்டோம்.

சிறியவற்றில் தம் ஞானத்தை மறைத்து வைத்த இறைவன், அவற்றைத் தேடும் அறிஞர்களின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக; நமது நாவுகளையும் காலத்தில் பேசச் செய்வாராக.